ஒரு வாய் ரசம்

"அம்மா, என்னை அனுப்பிடுங்க. இனிமே நான் இந்த மடத்துக்கு ஆகமாட்டேன்."

சொல்லிவிட்டு, கையிலிருந்த ரசக் கரண்டியை மடத்துத் தலைவி மங்கையம்மாவின் காலடியில் வைத்தார் தில்லைக்கண்ணு.

மடத்தின் சமையல்காரர் அவர். அம்மாவைவிட வயதில் மூத்த சீடர். அடுப்படியைத் தவிர வேறு தவம் தெரியாத மனுஷர்.

"என்னாச்சு தில்லைக்கண்ணு?"

"காய்ச்சல் வந்துச்சில்ல? அது போகும்போது நாக்கையும் மூக்கையும் சேர்த்து வாரிக்கிட்டுப் போயிடுச்சும்மா. புளி தெரியல, உப்பு தெரியல. மண்ணைத் திங்கிற மாதிரி இருக்கு."

"சமைக்கும்போது ருசி பார்ப்பீங்களோ?"

"சிவ சிவா! சாமிக்குப் படைக்கிறதை எச்சில் பண்ணலாமா? வாசனைகூடப் பிடிக்கக் கூடாதுன்னு மூக்கில துணி கட்டிக்கிட்டுல்ல சமைக்கிறேன்!"

"அப்போ சமையலுக்கு என்ன கெட்டுப்போச்சு?"

தில்லைக்கண்ணுவுக்குக் கோபம் வந்துவிட்டது. கூடவே அழுகையும் வந்தது.

"எல்லாரும் சாப்பிட்டு எழுந்தப்புறம் அடுப்படியில தனியா உட்கார்ந்து ஒரு வாய் ரசம் குடிப்பேன். அந்த ஒரு வாய்தாம்மா எனக்கு எல்லாம். 'நீயும் ஒரு ஆளுதான்டா தில்லைக்கண்ணு'ன்னு சொல்ற மாதிரி இருக்கும். இப்போ அதுவும் இல்ல. நான் எதுக்கு இருக்கேன்?"

அம்மாவுக்கும் கண் கலங்கியது.

"சரி, போங்க. இன்னைக்கு ஒரு வேளை சமைச்சுட்டுப் போங்க. பந்தி நேரத்துல அப்பளத்தை வேற யாராவது பொரிக்கட்டும். நீங்க பந்தியில என் பக்கத்துல உட்காருங்க."

"சமைச்சவன் பந்தியிலயா? அது வழக்கமில்லையேம்மா!"

"கிளம்பிப் போறவருக்கு என்ன வழக்கம்?"

தில்லைக்கண்ணு சமைத்தார். படையல் முடிந்தது, இலை போட்டார்கள்.

அடேயப்பா, என்ன இரைச்சல்! பந்தி இப்படி இருக்கும் என்று தில்லைக்கண்ணுவுக்கு இதுவரை தெரியாது. ஒருவர் தன் மருமகனைத் திட்டினார். இன்னொருவர் மோட்சம் பற்றிச் சண்டை போட்டார். சாம்பார் வந்தது. சண்டை நிற்கவில்லை.

ரசம் வந்தது.

மருமகனைத் திட்டியவர் பாதியில் நிறுத்தினார். மோட்சக்காரர் குனிந்துகொண்டார். அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

தில்லைக்கண்ணுவும் ஒரு வாய் குடித்தார். மண்தான்.

"அம்மா," என்று மெதுவாகக் கேட்டார், "நல்லா இருக்கா?"

"எனக்கென்ன தெரியும்? என் நாக்கு செத்துப் பல வருஷமாச்சு."

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"என்னம்மா சொல்றீங்க! தினமும் 'ரசம் பிரமாதம்'னு சொல்லி அனுப்புவீங்களே! ஒருநாள் 'இன்னைக்குச் சுமார்தான்'னுகூடச் சொல்லி அனுப்பினீங்க. அன்னைக்கு நிஜமாவே புளி தூக்கலா இருந்துச்சே!"

"அன்னைக்கு இவங்க பேச்சை நிறுத்தல."

தில்லைக்கண்ணு இலையிலிருந்து கையை எடுத்தார். பந்தியைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு அந்த உறிஞ்சும் சத்தத்தை வெகுநேரம் கேட்டார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை.

பிறகு அடக்கமாட்டாமல், பந்தி முழுக்கக் கேட்கும்படி,

"அம்மா, நாளைக்கு மிளகு ரசம் வைக்கட்டுமா?"

"ஷ்ஷ்..." என்றார் அம்மா.