வாசலில் கிடந்த இரும்பு

"அம்மா, இதை நீங்கதான் தேய்ச்சுப் பாத்துச் சொல்லணும். எனக்குக் கை வரலை."

சொல்லிவிட்டுத் திருமேனி தரையில் உட்கார்ந்தார். அவருக்கு அறுபத்திரண்டு வயது. அவர் குருவாக வணங்கிய செங்கமலத்தம்மாளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. வறண்ட ஆற்றங்கரையில் ஓர் ஓலைக் கொட்டகை. அதுதான் அவளுடைய ஆசிரமம்.

வண்டியில் வந்த இரண்டு பேர் ஒரு சாக்கை இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். திருமேனி சாக்கைப் பிரித்தார். உள்ளே கறுத்து, குழி விழுந்த ஓர் இரும்புக் கட்டி. பக்கத்தில் ஓர் அரத்தையும் ஆசிட் பாட்டிலையும் எடுத்து வைத்தார்.

வானத்திலிருந்து விழுந்த இரும்பைத் தேடிச் சேர்ப்பது அவருடைய முப்பது வருஷப் பைத்தியம். வீட்டில் நாற்பத்தொரு கட்டிகள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன.

"காந்தம் ஒட்டுதா?" என்று கேட்டாள் அம்மாள்.

"ஒட்டுது. கிட்டமா இருந்தாலும் ஒட்டும். பழைய உலைகள்ல இரும்பு உருக்கி மிஞ்சின கழிவு அது. ஒரு மூலையை அரத்தால தேய்ச்சு ஆசிட் விடணும். வானத்து இரும்புன்னா குறுக்கும் நெடுக்குமா கோடு தெரியும்."

"தெரியலைன்னா?"

திருமேனி தலையைக் குனிந்துகொண்டார்.

"என் பையன் வீணா அலைஞ்சு செத்தான்னு ஆகும்."

மகன் மாசிலாமணியின் காரியம் முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

அம்மாள் அரத்தைக் கையில் எடுத்தாள். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"முதல்ல இதோட கதையைச் சொல்லுங்க."

வேறு நாளாக இருந்தால் அவரிடம் இதைக் கேட்கவே வேண்டியதில்லை. கதை சொல்லாமல் எந்தக் கட்டியையும் தொடவிட மாட்டார். ஒன்று சடையன் என்பவரின் ஏரில் சிக்கியது. வலப்பக்கத்து மாட்டின் பெயர்கூட அவருக்குத் தெரியும். ஒன்று கொல்லர் வீட்டில் மூன்று தலைமுறை பட்டடையாகக் கிடந்து அடி வாங்கியது. ஒன்றை ஓர் ஊரே மஞ்சள் பூசிக் கும்பிட்டது. ஆரம்பித்தால் லேசில் விடமாட்டார் என்று மற்ற சீடர்கள் அவர் தலையைக் கண்டதுமே நழுவிவிடுவார்கள்.

அன்று அவருக்கு வாய் வரவில்லை.

"யார் எடுத்தது?"

"மாசிலாமணிதான்."

"எந்த ஊர்ல?"

"கேக்கலை."

"வயல்லயா, மலையிலயா?"

"கேக்கலை, அம்மா."

"கொண்டுவந்தப்போ என்ன சொன்னார்?"

"'அப்பா, இந்தத் தடவை சரியா இருக்கும், பாருங்க'ன்னான்."

"நீங்க?"

திருமேனி அரத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"அதுக்கு முன்னாடி பதினோரு தடவை கொண்டுவந்திருக்கான். பதினொண்ணும் கிட்டம். வீட்டுக்கு வர்றவங்ககிட்டல்லாம் அதைச் சொல்லிச் சிரிப்பேன். அன்னிக்கு நான் வேற ஒரு கட்டிக்குத் துரு துடைச்சுக்கிட்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பாக்கலை. 'வாசல்ல போடு, அப்புறம் பாக்கறேன்'னேன்."

அந்த அப்புறம் வரவில்லை. அன்றைக்கே மாசிலாமணிக்குக் காய்ச்சல் கண்டது. நாலாம் நாள் போய்விட்டான். கட்டி வாசலிலேயே கிடந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் அதன்மேல் காலைத் தூக்கி வைத்துச் செருப்பு மாட்டிக்கொண்டு போனார்கள். அதையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"எடையாவது தெரியுமா?"

"தெரியும். நேத்து போட்டுப் பாத்தேன். இருபத்து மூணு கிலோ நானூறு கிராம்."

சொல்லி முடித்ததும் அவருக்கே வெட்கமாக இருந்தது.

"தூக்குங்க," என்றாள் அம்மாள்.

அவர் குனிந்து தூக்கினார். முழங்கால் வரை வந்தது. மூச்சைப் பிடித்து நெஞ்சுவரை கொண்டுவந்தார்.

"எங்கே வைக்கட்டும்?"

"வைக்கச் சொல்லலை."

அவர் நின்றார். அம்மாளும் எழுந்து எதிரில் நின்றாள்.

வெயில் ஏறியது. கட்டி கொஞ்சம் கொஞ்சமாக வயிற்றுக்கு இறங்கியது. இனி முடியாது என்றானபோது கட்டியை வலது தோளுக்கு ஏற்றிக்கொண்டார். அதன் விளிம்பு சட்டையோடு சேர்த்துச் சதையில் அழுந்தியது. வலி பொறுக்காமல் இரண்டடி எடுத்து வைத்தார். இன்னும் நாலடி நடந்தார். சட்டென்று நின்றார்.

முகம் கோணி, வயசை மறந்து, வாய்விட்டு அழுதார். ஆனால் கட்டியை இறக்கவில்லை.

"அம்மா."

"சொல்லுங்க."

"குளிப்பாட்டறப்போ அவனோட தோள் கன்னிப்போய்க் கிடந்துச்சு. காய்ச்சலால வந்ததுன்னு நெனச்சேன்."