விளக்கு எரிகிறதா, சகாயராணி?

தீர்ப்புச் சொல்ல ஆசைப்படுகிறவர்கள் முதலில் முழுக் கதையையும் கேளுங்கள். பாதியிலேயே கையைத் தூக்குகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

தேனிப் பக்கத்துப் பாலிடெக்னிக் ஒன்றில் மூன்று பேர் சேர்ந்து, பிள்ளைகள் அறிவியல் பரிசோதனை செய்து பார்ப்பதற்கான ஒரு தள்ளுவண்டி செய்தார்கள். ஒருவர் விரிவுரையாளர் சண்முகவடிவு. மற்ற இருவரும் அவருடைய கடைசி வருட மாணவர்கள், ஜமாலும் லிங்கேஸ்வரியும். ஆய்வகம் இல்லாத பள்ளிகளுக்கு அதைக் கொண்டுபோவது அவர்கள் திட்டம். மடக்கினால் வேனின் பின்சீட்டில் அடங்கும். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கும் எட்டும்படி மேல்பலகை கீழே இறங்கும். பார்வையில்லாத பிள்ளைகளுக்காகப் பெட்டிக்குப் பெட்டி பிரெயில் எழுத்து வேறு. இவ்வளவு யோசித்தவர்கள் ஒன்றில் கோட்டை விட்டார்கள். மின்சுற்றைச் சரியாக இணைத்தால் எரிவதற்கென்று அவர்கள் வைத்திருந்தது, தொட்டால் சூடுகூடத் தெரியாத சின்ன எல்.இ.டி. விளக்கு.

முதல் பள்ளியில் ஏழாம் வகுப்பு சகாயராணி வந்து உட்கார்ந்தாள். அவளுக்குப் பார்வை கிடையாது. அறிவியல் வகுப்பு என்றால் பக்கத்துப் பிள்ளை செய்வதைக் கேட்டுக்கொண்டிருப்பதுதான் அவள் வேலை. அன்றுதான் முதல்முறையாக வயர் அவள் கைக்கு வந்தது. தடவித் தடவி இணைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எரியுதாண்ணே?"

எரியவில்லை. ஒரு வயர் சரியாகப் பொருந்தவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்த ஜமாலுக்கு அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. "சூப்பரா எரியுது பாப்பா!" என்றவன், வகுப்பின் பக்கம் திரும்பிக் கைதட்டச் சொல்லிச் சாடை காட்டினான்.

கைதட்டல் ஏனோதானோவென்று வந்தது. சகாயராணி சத்தம் காட்டாமல் பேட்டரியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இப்ப எரியுதாண்ணே?"

ஜமால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இன்னும் நல்லா எரியுதே!"

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். சகாயராணி சிரிக்கவில்லை.

லிங்கேஸ்வரிக்குப் பொறுக்கவில்லை. "அவன் சொன்னது பொய்டா செல்லம். ஒரு வயர் விட்டுப்போச்சு, அவ்வளவுதான்" என்று உண்மையைச் சொன்னாள். பேட்டரியை வாங்கி மாட்டி, வயரையும் தானே செருகினாள். விளக்கு இந்த முறை நிஜமாகவே எரிந்தது.

"அது நீங்க எரிய வச்சதுக்கா" என்றாள் சகாயராணி.

பின்னால் நின்ற சண்முகவடிவு அதைக் கேட்டதும் முன்னால் வந்தார். விளக்கைப் பிடுங்கினார். இன்னொரு பெட்டியில் இருந்த குட்டி மோட்டாரையும் காகித விசிறியையும் அந்த இடத்தில் பொருத்தினார். மற்ற வயர்களையும் உருவிப் போட்டார்.

"மொதல்லருந்து நீயே செய்யும்மா. சுத்துச்சுன்னா ஒன் விரலுக்கே தெரியும். நாங்க யாரும் வாயத் தெறக்க மாட்டோம்."

சகாயராணி போராடினாள். மணி அடித்தது. விசிறி அசையவில்லை. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"பிள்ளைய அழ வச்சுட்டுப் போறீங்களே மேடம்! எங்க தப்புன்னு சொல்லிக் குடுத்தா என்ன?" என்று கொதித்தார் தலைமையாசிரியை.

சண்முகவடிவு சொல்லவில்லை. மதியம் இன்னொரு பள்ளி அதே மின்சுற்றுக்காகக் காத்திருந்தது. அது தெரிந்தும் மின்சுற்று பொருத்தியிருந்த சின்னப் பலகையை வண்டியிலிருந்து கழற்றி சகாயராணியின் மடியில் வைத்துவிட்டுக் கிளம்பினார். மதியப் பள்ளிப் பிள்ளைகள் பலகை இருந்த வெற்றிடத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

இப்போது சொல்லுங்கள். அந்த வகுப்பறையில் அன்று யார் செய்தது சரி?

விடை: மூன்று பேருக்குள்ளேயே தேடியிருப்பீர்கள். நான் கேட்டது வகுப்பறையில் யார் என்று. ஜமாலின் பாசம் அந்தப் பிள்ளையை நாலு பேர் சிரிக்கும்படி ஆக்கியது. லிங்கேஸ்வரி அவளுடைய வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். சண்முகவடிவு செய்தது முக்கால்வாசி சரி, ஆனால் மதியப் பள்ளிப் பிள்ளைகளிடம் அவர் மன்னிப்புக் கேட்டே ஆக வேண்டும். சரியாகச் செய்தவள் சகாயராணி. காதில் விழுந்ததை அப்படியே நம்பாமல், ஒன்றே ஒன்றை மாற்றிவிட்டு மறுபடி கேட்டாளே, அன்று அங்கே ஒழுங்காக நடந்த பரிசோதனை அது ஒன்றுதான். விசிறி என்ன ஆயிற்று என்கிறீர்களா? மறுநாள் இடைவேளையில் அவளே இணைத்துச் சுற்ற வைத்தாள். பிள்ளைகள் ஓடிவந்து, "சுத்துதுடி, சுத்துதுடி!" என்று கத்தினார்கள்.

"தெரியுது, கத்தாதீங்க" என்றாள் சகாயராணி.