ஏழாம் கட்டிலின் நாடி

செண்பகவல்லி பதினான்கு வருஷம் ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டியவள். முப்பத்து நான்கு வயதில் அதை விட்டுவிட்டு நர்ஸிங் படிக்கச் சேர்ந்தாள். வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. கடை முதலாளி மட்டும், "உன் இடம் காலியாத்தான் இருக்கும், எப்ப வேணாலும் வா" என்றார். அந்த நல்ல வார்த்தைதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

பாடம் சொல்லிக்கொடுத்த ஜெபராணிக்கு இருபத்தெட்டு வயது. இவள் அவளை "சிஸ்டர்" என்பாள். அவள் இவளை "அக்கா" என்பாள்.

வார்டில் முதல் நாள். ஏழாம் கட்டிலில் சுடலைமுத்து. பந்தல் போடுகிறவர், குடலிறக்க ஆபரேஷன் முடிந்து மறுநாள் வீட்டுக்குப் போக இருந்தார். செண்பகவல்லி அவர் மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் எண்ணினாள். நூற்றுப் பதினாறு. மறுபடி எண்ணினாள். நூற்றுப் பதினெட்டு.

"என்னம்மா, மூஞ்சி இப்படிப் போகுது? எனக்கு எதுவும் ஆயிருச்சா?" என்றார் சுடலைமுத்து.

அவள் டாக்டரைக் கூப்பிட ஓடினாள். டாக்டர் விழுந்தடித்துக்கொண்டு வந்தார். சுடலைமுத்துவின் மனைவி அதற்குள் அழ ஆரம்பித்திருந்தாள். டாக்டர் நாடி பார்த்தார்.

எழுபத்திரண்டு.

வார்டே சிரித்தது. சுடலைமுத்துவின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

செண்பகவல்லி மருந்து அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். ஜெபராணி பின்னாலேயே வந்தாள்.

"நான் போயிடறேன் சிஸ்டர். இந்த வயசுல எனக்கு இது சரிப்பட்டு வராது. கடைக்கே போறேன்."

"நாடியை எப்படிப் பிடிச்சீங்க? காட்டுங்க."

செண்பகவல்லி ஜெபராணியின் மணிக்கட்டில் தன் கட்டைவிரலை வைத்தாள்.

"மூணு விரல் வச்சுப் பாக்கணும்னு வகுப்புல சொன்னேனே அக்கா. கட்டைவிரல்லயும் நாடி ஓடும்."

"தெரியும் சிஸ்டர். பரீட்சையிலகூட எழுதினேன். அந்த மனுஷர் கையைத் தொட்டதும் எல்லாம் மறந்துபோச்சு. காலையில எந்திரிச்சதுல இருந்தே படபடப்பு. எதையாவது தப்பாப் பண்ணி ஒரு உசுரு போயிருமோன்னு பயமா இருக்கு. நீங்களே சொல்லுங்க, இந்தப் பயம் எனக்குப் போகுமா, போகாதா?"

ஜெபராணி செண்பகவல்லியின் மணிக்கட்டைத் திருப்பி, மூன்று விரல்களை வைத்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். வெளியே யாரோ சிஸ்டரைக் கூப்பிட்டார்கள். அவள் அசையவில்லை. முழுசாக ஒரு நிமிஷம் எண்ணினாள்.

செண்பகவல்லிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நூத்திப் பதினாறு" என்றாள் ஜெபராணி. "நீங்க எண்ணினதுல தப்பே இல்லக்கா. ஆளுதான் மாறிப்போச்சு."

செண்பகவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூன்று விரல்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தாள். பிறகு ஏழாம் கட்டிலுக்குத் திரும்பிப் போனாள்.

சுடலைமுத்து அவளைக் கண்டதும் தானாகவே கையை நீட்டினார்.