மருந்தை மசால் பண்ணின காத்தமுத்து

கண்ணாடிக் குப்பிகள் கலகலக்கும் சத்தம் முதலில் கேட்டது. பின்னாலேயே வைத்தியர் ஹம்தான் ஷேக் மாளிகையின் சமையல்கட்டுக்குள் நுழைந்தார்.

"டேய், பசியில்லாமக் கிடக்கிற ஷேக்குக்கு மருந்து செய்ய வச்சிருந்த பாலைவனக் காளான் எங்கே?"

சமையல்காரன், அறந்தாங்கிக் காத்தமுத்து, காலிக் கூடையைப் பார்த்தான். மண் ஒட்டிய அந்தக் காளான் உருண்டைகளை உருளைக்கிழங்கு என்று நினைத்து, மசால் பண்ணி ஷேக்குக்கே அனுப்பிவிட்டான்.

"சமைச்சுட்டேன் ஐயா."

"பாவி! அதே காளான் இப்பவே வரணும். இல்லேன்னா வேலையும் போச்சு, ராத்திரி விமானத்துல நீயும் போ!"

"அது நிஜமாவே பசியைக் கிளப்புமா ஐயா?"

"செத்த வயிறும் சோறு கேக்கும்டா!"

"அப்போ ஷேக்கோட வயித்துக்கிட்டயே திருப்பிக் கேளுங்க. அது இப்பத்தான் இன்னொரு தட்டு கேட்டு ஆள் அனுப்பிச்சுது."

அதற்குள் படுக்கையை விட்டெழுந்த ஷேக்கே காலித் தட்டோடு வந்து நின்றார். "வைத்தியரே, இவன் இங்கேயே இருக்கட்டும். விமானத்துல வேணும்னா நீங்க போங்க!"

காத்தமுத்து வெங்காயம் உரிக்க உட்கார்ந்தான்.