ஒற்றைத் தட்டைப்புழு

மண்டபம் பக்கம் கடலோரத்தில் ஒரு சின்ன ஆராய்ச்சிக் கூடம். உள்ளே ஆட்கள் என்று எண்ணினால் இரண்டே பேர். ஆசிரியை குமுதவல்லிக்கு நாற்பத்தொரு வயது. மாணவி பிலோமினாவுக்கு ஐம்பத்துமூன்று. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. புருஷன் போன பிறகு வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாமல் படிக்க வந்தவள் பிலோமினா.

அவளுக்கு ஒரு தட்டைப்புழு கிடைத்திருந்தது. செத்த பவளக்கல்லுக்கு அடியில், விரல் நகத்தில் பாதி அளவு, ஓரத்தில் மெல்லிய ஊதாக் கோடு. எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒன்று இல்லை. இன்னொன்று அகப்படுமா என்று கல் கல்லாகப் புரட்டியும் பார்த்தாயிற்று. ம்ஹூம்.

புதிய இனம் என்று உலகம் ஒத்துக்கொள்ள வெளித்தோற்றம் போதாது. புழு முதிர்ந்ததும் அதை மெழுகில் பதித்து, மெல்லிசு மெல்லிசாகச் சீவி, உள்ளே இருக்கும் இனப்பெருக்க உறுப்புகளை வரைந்து காட்ட வேண்டும். அப்போதுதான் பேர் வைக்கலாம். முதிராததைச் சீவினால் புழுவும் போச்சு, உழைப்பும் போச்சு.

"முதிர்ந்துடுச்சா அக்கா?" வாரம் தவறாமல் குமுதவல்லி கேட்பாள்.

"இன்னும் இல்ல மேடம்."

இப்படியே நாலு மாதம் ஓடியது. பிலோமினா தினமும் கடல்நீர் மாற்றுவாள். சிப்பிச் சதையைக் கிள்ளிப் போடுவாள். மத்தியானம் கண்ணாடித் தட்டுக்குப் பக்கத்திலேயே டப்பாவைத் திறந்துவைத்துச் சாப்பிடுவாள். துபாயிலிருந்து மகன் கூப்பிட்டால் இரண்டு வார்த்தை. புழுவிடம் மட்டும் பேச்சு ஓயாது. பைத்தியம் என்று சொல்லவாவது அங்கே யார் இருந்தார்கள்?

ஒரு வெள்ளிக்கிழமை காலை குமுதவல்லி சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்தாள். பிலோமினா பிளேடால் தட்டின் உட்பக்கத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா அது?"

"பாசி மேடம்."

குமுதவல்லி பிளேடை வாங்கி, அதில் ஒட்டியிருந்ததை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். வெள்ளை வெள்ளையாக முட்டைகள். இணை சேராததால் பொரிக்காத முட்டைகள்தான்; ஆனாலும் முதிராத புழு முட்டையிடாது.

"இது எத்தனாவது தடவை?"

பிலோமினா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "ஏழு," என்றாள்.

நல்ல திட்டு விழும் என்று நின்றாள். குமுதவல்லி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

"மனசு வரல மேடம்." பிலோமினாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "காலையில எந்திரிச்சு இங்க வர்றதே இதுக்காகத்தான். பேர் இல்லாட்டி இதுக்கு என்ன குறைஞ்சுபோச்சு? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே."

"எனக்கும் ஒண்ணு கிடைச்சுது," என்றாள் குமுதவல்லி. "கறுப்பு உடம்பு, நடுவுல ஆரஞ்சுப் பொட்டு. எனக்கும் சீவ மனசு வரல. வச்சிருந்தேன்."

"இப்ப எங்க?"

"அம்மாவுக்கு முடியலன்னு மூணு நாள் ஊருக்குப் போயிட்டு வந்தேன். தட்டுல வெறும் தண்ணிதான் இருந்துச்சு. செத்தா கரைஞ்சுடும்ல. எலும்பா இருக்கு, மிஞ்ச?"

பிலோமினா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்புறம் அதே மாதிரி ஒண்ணு கிடைக்கவே இல்லையா?"

குமுதவல்லி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். புழு மெதுவாக ஓரம் மடித்துத் திரும்பியது.

"பதினோரு வருஷமா தேடுறேன். எதைத் தொலைச்சேன்னு யாராவது கேட்டா, சொல்லி அழக்கூட ஒரு பேர் இல்லக்கா."