மருந்துக் குகையில் மூக்காயி

குளக்கரைப் பாறையில் ஒரு மருந்துக் குகை இருந்தது. கோடை வந்தால் போதும், கருமந்தி வைத்தியர் இளவட்டங்களைச் சேர்த்துக்கொண்டு அங்கே புது மருந்துகளைச் சோதித்துப் பார்ப்பார். வருவதெல்லாம் குரங்கும் அணிலும் மானும்தான். வளையில் வாழ்பவர்கள் யாரும் எட்டிப் பார்த்ததில்லை. எப்படிப் பார்ப்பார்கள்? கோடையில் கிழங்கு தோண்டாவிட்டால் வயிறு காயுமே!

இந்த வருஷம் வைத்தியர் ஒரு நல்ல காரியம் செய்தார். "வேலை கற்க வருகிறவர்களுக்குத் தினமும் ஒரு கூடைக் கிழங்கு கூலி!" என்று காடு முழுக்கச் சொல்லி அனுப்பினார்.

பெருச்சாளிப் பெண் மூக்காயி துள்ளினாள். "அம்மா, நான் போறேன்!"

"தாராளமாப் போடி! கரும்பு தின்னக் கூலியா?" என்று சிரித்தாள் அம்மா.

அப்போது குகையில் குளிர்காய்ச்சலுக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார்கள். மூக்காயி இலை அரைத்தாள். யாருக்கு எவ்வளவு கொடுத்தால் காய்ச்சல் இறங்குகிறது என்று கூடவே இருந்து பார்த்தாள். ஒருவழியாக வைத்தியம் பிடிபட்டது. கஷாயத்தைக் குடித்துவிட்டு உச்சிவெயிலில் பாறைமேல் படுக்க வேண்டும். மான் எழுந்தது, குரங்கு எழுந்தது, அணில் எழுந்து வாலை ஆட்டியது!

"நாளைக்கே காட்டுக்கு அறிவிச்சுடலாம்! இனி ஒருத்தருக்கும் காய்ச்சல் பயம் இல்லை!" என்றார் வைத்தியர்.

மூக்காயிக்குத் தலைகால் புரியவில்லை. அவள் தம்பி கட்டையன் அதே காய்ச்சலில்தான் சுருண்டு கிடந்தான். ஓடிப்போய்க் கஷாயத்தைப் புகட்டினாள். வெளியே இழுத்து வந்து வெயிலில் படுக்க வைத்தாள்.

சற்று நேரத்தில் தம்பி வாயைப் பிளந்தான். மூச்சுத் திணறியது. ஐயோ! இருட்டிலேயே வளர்ந்த உடம்பு உச்சிவெயிலைத் தாங்குமா? பதறிப்போய் அவனை வளைக்குள் இழுத்துப் போட்டாள். பிழைத்தான், ஆனால் காய்ச்சல் இறங்கவில்லை.

"கூடவே இருந்தேனே, எனக்கே தோணலையே!" என்று அழுதாள் மூக்காயி.

"குகையில போய் வாயைத் திறந்துடாதே," என்றாள் அம்மா. "குறை சொன்னா விரட்டிடுவாங்க. அப்புறம் நம்ம ஆளுங்க ஒருத்தரையும் சேர்க்க மாட்டாங்க!"

மூக்காயிக்கும் அந்தப் பயம்தான். ஆனால் நாளைக்கு அறிவித்துவிட்டால் வளைக்கு வளை பிள்ளைகளை வெயிலில் போடுவார்களே! அவளுக்கு மனசு கேட்கவில்லை. குகைக்குத் திரும்பி ஓடினாள்.

"ஐயா, இப்போ அறிவிக்காதீங்க! வெயில்ல போட்டதும் என் தம்பிக்கு உயிரே போகப் பார்த்துச்சு!"

நெட்டைவாலன் என்ற குரங்கு எரிந்து விழுந்தான். "தினமும் கிழங்கு வாங்கித் தின்னுட்டு, உண்ட வீட்டுக்கே ரெண்டகமா? நீ சரியா அரைச்சிருக்க மாட்டே!"

"நீயும் நானும் ஒரே கல்லுலதானே அரைச்சோம்?" என்றாள் மூக்காயி. "வளையில இருக்கிறவங்கள்ல ஒருத்தருக்காவது கொடுத்துப் பார்த்தோமா?"

வைத்தியருக்குச் சுருக்கென்றது. கொஞ்சம் கோபமும் வந்தது. தாடியைத் தடவியபடி குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அறிவிப்பு வேண்டாம்," என்றார் கடைசியில். "நம்ம வேலை இன்னும் முடியலை. வாம்மா, உன் தம்பியைப் பார்க்கலாம்."

எல்லோரும் வளைக்குப் போனார்கள். காய்ச்சல் இறங்கச் சூடு வேண்டும், ஆனால் கட்டையனுக்கு வெயில் ஆகாது. சுட்ட கல்லை வைத்துப் பார்த்தார்கள். அது வயிற்றைப் பொசுக்கியது. காய்ந்த சருகைப் போர்த்தினார்கள். பலிக்கவில்லை.

"வெயில்ல கிடந்த மணலை அள்ளிட்டு வந்து மூடினா என்ன?" என்று கேட்டான் நெட்டைவாலன். கேட்டதோடு நிற்காமல் அவனே மணலையும் சுமந்தான். கஷாயம் குடித்த கட்டையன் இளஞ்சூட்டு மணலில் கழுத்துவரை புதைந்து கிடந்தான். பொழுது சாய்வதற்குள் கண்ணைத் திறந்து, "பசிக்குது!" என்றான். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

வேறு வளைகளிலும் கொடுத்துப் பார்த்து, பலித்த பிறகுதான் வைத்தியர் இரண்டு வழியையும் காட்டுக்கு அறிவித்தார். மூக்காயி கோடை முடியும்வரை குகையிலேயே வேலை பார்த்தாள்.

கடைசி நாளன்று நெட்டைவாலன் தலையைச் சொறிந்தான். "ஐயா, அடுத்த கோடைக்கு வௌவாலையும் கூலி கொடுத்துக் கூப்பிடுங்க. தலைகீழாத் தொங்குறவனுக்கு இந்தக் கஷாயம் எப்படி இறங்குமோ, யார் கண்டா!"

மருந்து எல்லோருக்கும் பலிக்க வேண்டுமானால், அதை அரைக்கிற இடத்தில் எல்லோரும் இருக்க வேண்டும்.