பெள்ளன் வெட்டிய வாய்க்கால்

உட்காருங்கள், சொல்கிறேன். குறுக்கே பேசினால் நிறுத்திவிடுவேன். எனக்கும் இன்று அலுப்புதான்.

மேகத்துக்கும் மலைக்கும் யாரும் எல்லை பிரிக்காத காலம். உயரத்தில் ஒரு புல்வெளி மலை. அங்கே எருமை மேய்த்தவர்களுக்குப் பெள்ளன் தலைவன். நல்லவன்தான், ஆனால் களைத்துப்போனவன்.

களைப்புக்குக் காரணம் புல்வெளி நடுவே கிடந்த சதுப்பு. பார்த்தால் பச்சைப் புல், கால் வைத்தால் கருஞ்சேறு. எருமை புதைந்தால் தலைவன்தான் இறங்கிக் கயிறு கட்ட வேண்டும். அது அவர்கள் வழக்கம். மழையில் இறங்கினான், பனியில் இறங்கினான், காய்ச்சலோடும் இறங்கினான்.

ஒருநாள் சினை எருமை ஒன்றைக் கரையேற்றிவிட்டு அப்படியே மல்லாந்து படுத்தான். "போதுமப்பா. ஒரு வாய்க்கால் வெட்டி இந்தச் சனியனை வடித்துவிடுவோம்" என்றான்.

நீர்நாய் வந்து கேட்டது: "தலைவரே, எங்கள் மீன் என்னாகும்?"

"அப்புறம் பார்க்கலாம்."

உள்ளான் குருவி கேட்டது: "என் முட்டைகளை எங்கே வைப்பேன்?"

"அப்புறம் பார்க்கலாம்."

பாறை மேலிருந்து வரையாடு கேட்டது: "வருஷாவருஷம் காய்ந்த புல்லுக்கு நெருப்பு வைக்கிறீர்களே, அந்த நெருப்பு இந்தச் சேற்றில்தானே அணைகிறது?"

"அப்புறம் பார்க்கலாம்" என்று கண்ணை மூடிக்கொண்டான். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. யோசிக்கத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

அவன் மனைவி மாதி சொன்னாள்: "இப்போ வேண்டாங்க. ரெண்டு நாள் படுத்து எழுந்து முடிவு பண்ணுங்க."

"நீயா சேற்றில் இறங்குகிறாய்?" என்று சீறினான். அவள் எருமை கறக்கப் போய்விட்டாள். பாவம், வேறென்ன செய்வாள்?

வாய்க்கால் வெட்டினார்கள். தண்ணீர் மலையிறங்கி ஓடியது. சதுப்பு இறுகியது, எருமைகள் அதன்மேல் தாராளமாக மேய்ந்தன. பெள்ளன் நிம்மதியாகத் தூங்கினான்.

பனிக்காலம் முடிந்தது. புதுப் புல் துளிர்க்கட்டும் என்று வழக்கம்போல நெருப்பு வைத்தார்கள். அது சதுப்புவரை ஓடியது. ஆனால் அணையவில்லை, மண்ணுக்குள் இறங்கிவிட்டது. எத்தனையோ தலைமுறைப் புல் மக்கிச் சேர்ந்த கரிமண் அது. ஈரம் போனபின் வறட்டியைப் போலக் கனன்றது.

தழையால் அடித்தார்கள், வேறிடத்தில் புகைந்தது. மண்ணைப் போட்டு மூடினார்கள், அங்கும் புகைந்தது. வாய்க்காலை அடைத்தார்கள், தேக்குவதற்குத் தண்ணீர்தான் இல்லை. சதுப்பில் ஊறி ஓடிய ஓடையும் வறண்டுபோயிருந்தது.

ஒரு காலையில் தாய் எருமை ஒன்று தரை உடைந்து உள்ளே விழுந்தது. பெள்ளன் கயிற்றோடு ஓடினான். குழி முழுக்கக் கங்கு. இறங்கப் போனவனை நாலு பேர் இழுத்துப் பிடித்தார்கள். அது கத்தி ஓயும்வரை அவன் அங்கேயே நின்றான். அழுதான்.

"தலைவரே, இனி இங்கே வேண்டாம்" என்றார்கள் மந்தைக்காரர்கள்.

அன்றே மலையைவிட்டு இறங்கினார்கள். தாயை இழந்த கன்று நடக்க மறுத்தது. பெள்ளன் அதைத் தோளில் தூக்கிக்கொண்டான். வழியில் மாதி, "கொஞ்சம் உட்காருங்க" என்றாள். அவன் உட்காரவில்லை. உட்கார்ந்தால் திரும்பி மலையைப் பார்க்க வேண்டிவரும் என்று பயந்தான்.

இவ்வளவுதான் கதை. திருப்பிச் சரிசெய்ய முடியாத காரியத்தைக் களைத்திருக்கும்போது தொடங்கக் கூடாது.